புனைமொழித் தீயும் கொங்குநாட்டு உலையும்



நார் என்றால் என்ன? பொள்ளாச்சிப் பக்கத்து உழவரைக் கேட்டால், தேங்காய் மட்டையை உரித்துக் காட்டி, இதுதான் நார் என்பார். பூத்தொடுக்கும் அம்மையார் வாழைநாரை எடுத்துக் காட்டுவார். அரபு நாட்டிற்குப் பணிக்குச் சென்று திரும்பிய இளைஞனோ, அங்கே நார் என்பது நெருப்பிற்குப் பெயர் என்பான். ஆங்கிலக் கதைகளில் தோய்ந்த கல்லூரி மாணவன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். அவனும் நெருப்பு என்றே சொல்லக்கூடும். ஆனால் அவன் சொல்லும் நெருப்பு அரபு நெருப்பன்று. எந்த நாட்டிலும் எந்த அடுப்பிலும் எரியாத நெருப்பு. ஒரு மாந்தர் தாமே புனைந்த மொழியில் மூட்டிய நெருப்பு.

அவர் இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் பயிற்றிய பேராசிரியர் தோல்கின் (1892–1973). முதல் உலகப்போர் முடிந்து திரும்பியபின், 1919, 1920 ஆம் ஆண்டுகளில் ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகரமுதலிக்குச் சொற்பிறப்பு ஆய்ந்து தரும் பணியில் இருந்தவர். சொல்லின் வேரைத் தோண்டுவதே பிழைப்பும் பொழுதுபோக்குமாகக் கொண்ட அவர், இளமை தொட்டே மொழிகளைப் புனைந்து பார்த்தார். பின்லாந்து மொழியின் ஓசையில் உள்ளம் பறிகொடுத்து ஆக்கியது குவென்யா; வேல்சு மொழியின் ஓசையைத் தழுவி ஆக்கியது சிந்தாரின். 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று மடலங்களாக வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘கணையாழிகளின் தலைவன்’ என்னும் பெருங்கதை, அம்மொழிகள் வாழ்தற்கு ஓர் உலகம் வேண்டுமென்று எழுந்த கதையே. கதைக்காக மொழி எழவில்லை என்பது அவர்தம் கூற்று. வீடு கட்டிக் குடிபுகுவார் உண்டு. குடியைப் படைத்துக்கொண்டு அதற்கு வீடு கட்டியவர் அவர்.

தீயைக் குறிக்க ஒரு சொல்லை மட்டும் உண்டாக்கிவிட்டு அவர் அகன்றுவிடவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. நர் என்றொரு வேரை முதலில் ஊன்றினார். அதனின்று குவென்யாவில் தீக்கொழுந்தைக் குறிக்கும் நார் கிளைத்தது. உடன்பிறந்த மொழியாகிய சிந்தாரினில் அதே சொல் நௌர் என்று திரிந்தது. ஒன்றில் ஆகாரம் வருமிடத்து மற்றொன்றில் ஔகாரம் வரும் என்னும் ஒழுங்கு, தமிழில் சகரம் வருமிடத்துக் கன்னடத்தில் ககரம் வருவது போன்றது. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் சேரி, கன்னடத்தில் கேரி. சத்தியமங்கலத்து மலைக்குடிகளுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே நர் என்னும் வேரினின்றே ஞாயிற்றுக்கு அனர் என்னும் பெயர் வந்தது. தீயின் ஆற்றலுடைய கணையாழிக்கு நார்யா என்று பெயர். கனன்றெரியும் உள்ளத்தவனான ஒரு கைவினைத் தலைவனுக்குத் ‘தீயுயிர்’ என்று பொருள்படப் பெயானாரோ என்று பெயர். பனிமலையில் உறைந்து நடுங்குவாரைக் காக்க ஈர விறகில் தீ மூட்டும் முதியவரின் வாயில் நௌர் என்னும் சொல்லே எழுகிறது. ஒரு சொல்லன்று, ஒரு சொற்குடும்பம். இல்லாத மொழிக்கு இல்லாத குடும்பத்தை இத்துணை ஒழுங்காக அவர் ஆக்கியது, இருக்கின்ற மொழிகளின் குடும்பங்களை ஆழக் கற்றதனால் ஆயிற்று.

அவருக்குப் பின்னர் இக்கலை பெருந்தொழிலாகிவிட்டது. விண்வெளிக் கதைத் திரைப்படங்களுக்காக மார்க்கு ஓக்கிராண்டு என்னும் மொழியறிஞர் கிளிங்கன் மொழியை ஆக்கி, 1985 இல் அதற்கு அகரமுதலியே வெளியிட்டார். அதில் நெருப்பு குல். 2011 முதல் 2019 வரை ஓடிய ஒரு தொலைக்காட்சிப் பெருந்தொடருக்காகப் பீட்டர்சன் என்பார் ஆக்கிய உயர் வலீரிய மொழியில் நெருப்பு பெர்சிசு. பறக்கும் பாம்பு உமிழும் தீக்கு மட்டும் அங்கே திராக்காரிசு என்று தனிச்சொல் உண்டு. அது மொழியறிஞர் ஆக்கியதன்று. மூலக்கதை எழுதிய புதின ஆசிரியர் மார்ட்டின் முன்னரே போட்டு வைத்தது. பாம்புக்கு அம்மொழியில் வேறு சொல், தீக்கு வேறு சொல். இரண்டன் சாயலும் திராக்காரிசில் தெளிவாக இல்லை. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பெரும்பாம்பைக் குறிக்கும் திராக்கோன் என்னும் சொல்லின் நிழல்தான் அதில் விழுந்து கிடக்கிறது. ஆயினும் அதைக் கேட்டுப் பழகிய இளைஞர் எண்ணற்றோர். கைப்பேசி வழி மொழி கற்பிக்கும் டியோலிங்கோ என்னும் நிறுவனம் 2017 இல் உயர் வலீரியத்தையும் 2018 இல் கிளிங்கனையும் பாடமாக்கிற்று. அவை சேர்ந்த காலத்தில் தமிழ் கற்பிக்கும் பாடம் அங்கில்லை. எட்டுக்கோடிக்குக் குறையாதார் பேசும் மொழிக்கு இல்லாத இடம், ஒருவரும் தாய்ப்பாலோடு பருகாத மொழிக்குக் கிடைத்தது.

தமிழரும் இதில் பின்தங்கிவிடவில்லை. 2015 இல் வந்த பாகுபலித் திரைப்படத்தில் காலகேயர் என்னும் கொடுங்கூட்டத்தார் பேசும் கிளிக்கி மொழியை ஆக்கியவர் தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாகத் தொடங்கிய அம்மொழியில் ‘மின்’ என்றால் நான். அதன் எழுத்துகளைத் திருப்பிப் போட்ட ‘நிம்’ என்றால் நீ. 2020 ஆம் ஆண்டு பிப்பிரவரி 21 ஆம் நாள், பன்னாட்டுத் தாய்மொழி நாளன்று, அதற்கென இணையத்தளமும் திறக்கப்பட்டது. தாய்மொழி நாளில் தாயில்லா மொழிக்குத் திறப்புவிழா!

இதனைக் கேட்டவுடன் சினந்தெழும் தமிழன்பர் பலர். சொல் விளையாட்டு தமிழுக்குப் புதிதன்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அசைதோறும் ககரத்தைச் செருகிப் பெரியவர்க்குப் புரியாமற் பேசி மகிழாத சிற்றூர்ச் சிறுவர் உண்டா? பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்றும் வழங்கியதை நன்னூல் உரைகாரர் குழூஉக்குறி என்று வகைப்படுத்திப் பெயரும் இட்டுவிட்டனர். குழுவுக்குள் வழங்கும் ஆக்கச் சொல்லுக்கு இலக்கணத்தில் இடமளித்த மொழி இது. ஆதலின் புனைமொழியைப் பழித்துப் பயனில்லை. அதைவிடப் பெரிய இடர் வேறொன்று உண்டு. அது தமிழன்பர் பக்கத்திலேயே உண்டு.

தோல்கினின் மொழிகளில் வெப்பத்தைக் குறிக்கும் இன்னொரு வேர் உர். வெங்கோடைத் திங்களாகிய ஆகத்துக்கு அங்கே ஊரிமே என்று பெயர். தீயுமிழும் பாம்பு உருலோக்கி. தமிழிலோ உருப்பு, உருப்பம் என்பன வெப்பத்தைக் குறிப்பன. உருமம் என்பது நண்பகல் வெம்மை. உருகுதல் வெம்மையால் இளகுதல். பார்த்தவுடன் கை பரபரக்கும்! ‘தோல்கின் தமிழினின்று எடுத்தார், இதோ சான்று’ என்று ஒரு துண்டறிக்கை அச்சடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். அரபு நாரையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு துண்டறிக்கை ஆகும். ஆனால் அஃது ஆய்வாகுமா? ஆகாது. ஒலி இரண்டு ஒத்திருத்தல் வழிப்போக்கர் இருவர் ஒரே நிறச் சட்டை அணிந்திருத்தல் போன்றது. அதனால் அவர் உடன்பிறந்தார் ஆகிவிடார். சேலம் நகராண்மைக் கல்லூரியில் பன்னீராண்டு தமிழ் பயிற்றி, 1974 இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகிய மொழிஞாயிறு பாவாணர், தம் வாழ்நாள் முழுதும் ஒரு சொல்லை எடுத்தால் அதன் கிளைச்சொற்களையும் பொருள் வளர்ச்சியையும் வரிசைப்படுத்திக் காட்டாமல் விட்டதில்லை. அவருடைய முடிவுகள் சிலவற்றில் பிறர் வேறுபடலாம். உழைப்பில் குறை காண இயலாது. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒலியொப்புமையை மட்டும் வைத்து உலக மொழிகளையெல்லாம் தமிழாக்கிவிடுவார், அவர்க்குத் தொண்டு செய்பவர் அல்லர்.

குடும்பம் எங்கே வாழ்கிறது என்று பார்ப்பதே சொல்லின் ஊரைக் கண்டறியும் வழி. அனல் என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அனலம் உண்டு. ஆதலின் தமிழ் அனல் இரவற்சொல் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆனால் தமிழில் அனலுதல் என்னும் வினை உண்டு, அனற்றுதல் உண்டு, காய்ச்சலில் உடம்பு அனலாய் அடிக்கிறது என்று படியாத தாயும் சொல்வாள். வடமொழியிலோ அச்சொல் வினையடியின்றித் தனித்து நிற்கிறது. ஆக்சுபோர்டில் வடமொழிப் பேராசிரியராக இருந்த பரோ அதனைத் திராவிட மொழியினின்று வடமொழி பெற்ற சொற்களுள் ஒன்றாகக் கருதினார். தமிழ்ப்பற்றினால் அவர் அவ்வாறு கூறவில்லை. குடும்பம் இங்கிருப்பதைக் கண்டு கூறினார்.

இதே அளவுகோலை அக்கினிக்கும் வைத்துப் பார்த்தல் வேண்டும். தமிழில் அதற்கு வினையில்லை, கிளையில்லை. இலத்தீனில் இக்னிசு, இலித்துவேனிய மொழியில் உக்னிசு, உருசிய மொழியில் ஒகோன் என்று அதன் சுற்றமெல்லாம் வடமேற்கே பரந்து கிடக்கிறது. அது வடமொழிச் சொல்லே. அதைத் தமிழென்று நிலைநாட்ட முயல்வது வீண்; தமிழர்க்குத் தேவையுமில்லை. நெருப்பிற்குப் பெயரில்லாத வறுமையா தமிழுக்கு?

தீ என்பது ஓரெழுத்தொருமொழி. நன்னூலார் கணக்கிட்ட 42 ஓரெழுத்தொருமொழிகளுள் ஒன்று. அதே தீ வினையாகித் தீய்கிறது. அடுப்பில் மறந்த பால் தீய்ந்துபோகிறது. துளு மொழியில் அது தூ. நெருப்பு தெலுங்கில் நிப்பு. இவையன்றி எரி, அழல், தழல், கனல் என்று எத்தனையோ. இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று ஒரே கயிற்றில் கட்டிவிடுதல் பள்ளிப் பழக்கம், வாழ்க்கையில் அப்படியில்லை. கொழுந்துவிட்டு எரிவது தழல். கொழுந்து அடங்கிச் சிவந்து கிடப்பது தணல். அதனின்று இடுக்கியால் எடுக்கும் ஒரு துண்டு கங்கு. நுனி எரியும் விறகு கொள்ளி. வாட்டுதல், வதக்குதல், வறுத்தல், பொரித்தல், அவித்தல், சுடுதல், காய்ச்சுதல் என்று அடுப்பங்கரையில் தீயை அளந்து வழங்கும் வினைகள் எத்தனை! புனைமொழி ஆக்குவோர் இத்துணையையும் ஒருங்கே ஆக்கிவிட முடியாது. அறிவுக்குறைவினால் அன்று. கரிந்த கையும் பசித்த வயிறும் பல நூறு தலைமுறைக்கு இருந்தாலன்றி இவ்வேறுபாடுகள் தோன்றா.

உலை என்னும் ஒரு சொல்லையே பாருங்கள். கொல்லன் இரும்பைக் காய்ச்சுமிடமும் உலை. தாய் அரிசி போடக் கொதிக்க வைக்கும் நீரும் உலை. ‘உலை வைத்தாயிற்றா?’ என்றால் சோறாக்கத் தொடங்கியாயிற்றா என்று பொருள். நாட்டின் படைக்கலமும் வீட்டின் சோறும் ஒரே சொல்லில் வேகின்றன. உலையில் இரும்பு சிவந்து வருவதைக் கொல்லர் ‘பழுக்கிறது’ என்பர். பழுக்கக் காய்ச்சுதல் என்று எழுதுவோரும் எழுதுகின்றனர். கனியின் நிறத்தை இரும்பில் கண்ட முதற் கண் எக்கொல்லனுடையதோ!

கொங்குநாட்டில் இன்னும் நுட்பமான ஒரு வழக்கு உண்டு. மாரியம்மன் திருவிழாவில் தீ நிறைந்த சட்டியைக் கையிலேந்தி வருவதைப் பிற இடங்களில் தீச்சட்டி என்பர்; அறிவிப்புத் தாள்களில் அக்கினிச்சட்டி என்று அச்சிடுவதும் உண்டு. கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பெண்டிர் சொல்வதோ ‘பூவோடு’. கம்பம் நட்டு, அதன்மேல் பூவோடு வைத்து, இரவெல்லாம் அதனைச் சுற்றி ஆடுவர். ஓடு என்பது மட்கலம். அதிலுள்ள தணல் பூ. மதுரைப் பக்கத்தார் தீ மிதிக்கும் குழியைப் பூக்குழி என்பதும் இதன் உறவே. அஞ்சத்தக்கதை அழகிய சொல்லால் குறிப்பதை இலக்கண நூலார் மங்கலம் என்பர். விளக்கு அணைந்தது என்னாமல் விளக்கு மலையேறிற்று என்பதும் அவ்வழிப்பட்டதே. பண்ணாரியிலும் பாரியூரிலும் தீ மிதித்தலைக் ‘குண்டம் இறங்குதல்’ என்பர். குண்டம் வடசொல் என்பார் சொல்லட்டும். குண்டு என்பது ஆழத்தைக் குறித்துச் சங்க நூல்களிலேயே வழங்கும் சொல் என்பதும் நினைவிருக்கட்டும். இங்கும் குடும்பத்தைப் பார்த்தே முடிவுக்கு வருதல் தகும்.

இனி, மண்ணுக்கடியில் உள்ள உலைக்கு வருவோர் வரலாம். ஈரோடு மாவட்டத்தில், நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்னும் ஊர். கிழக்கே கருவூர், மேற்கே பாலைக்காட்டுக் கணவாய்; இரண்டையும் இணைத்த பெருவழியின்மேல் அமைந்தது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்று அணிகலத் தொழிலுக்காகப் பாராட்டிய ஊர் அதுவே என்பர். அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 இல் தொடங்கி நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், உருக்குச் செய்த மண்குகைகளும், இரும்புக் கசடுகளும் கிடைத்தன. குகை என்றால் மலைக்குகை மட்டுமன்று. மாழையை உருக்கும் மட்கலத்துக்கும் குகை என்றே தமிழில் பெயர். கசடு கிடந்த அதே ஊரில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. உலைக்களத்து ஊர், தம் பெயரைத் தம் கலத்தில் தாமே எழுதிக்கொண்ட ஊராகவும் இருந்தது.

அவ்வுலையில் பிறந்த சொல் கடல் கடந்தது. உருகு என்பதன் பிறவினை உருக்கு. உருக்கிப் பெறுவதும் உருக்கு. கன்னடத்திலும் தெலுங்கிலும் அஃது உக்கு. 1795 இல் இலண்டன் அரச கழகத்தில் பியர்சன் என்னும் அறிஞர் இந்திய உருக்கை ஆராய்ந்து படித்த கட்டுரையில் அது ‘ஊட்சு’ என்று உருச்சிதைந்து நின்றது. மின்னாற்றல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற பாரடேயும் 1819 தொட்டுச் சில ஆண்டுகள் அவ்வுருக்கின் தன்மையை ஆராய்ந்தார். இந்த ஒப்புமை வெறும் ஒலியொப்புமையன்று. பொருள் சென்ற வழி தெரிகிறது. சொல் சென்ற வழியும் தெரிகிறது. வேர்வினை இன்றும் இங்கே வீட்டிற்கு வீடு வழங்குகிறது. வெண்ணெயை உருக்காத அடுப்பங்கரை ஏது?

இவ்வளவு பெருமை பேசியபின், அதே நொய்யற் படுகையில் இன்று இரும்பு உருக்கும் இடத்துக்குச் செல்லல் வேண்டும். கோவையில் 1888 இல் முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்னாற்றல் வந்தது. ஆலைகளைத் தொடர்ந்து மின்னோடி, நீரேற்றுப் பொறி, அவற்றுக்கு வேண்டிய வார்ப்படத் தொழில் என்று கணபதியும் பீளமேடும் தொழிற்களங்களாயின. இந்தியா முழுதும் உழவர் கிணற்றில் இறங்கிய பொறிகள் இங்கே வார்க்கப்பட்டன. அவ்வார்ப்படச் சாலைக்குள் நுழைந்து காதைக் கொடுங்கள். பவுண்டரி, பர்னசு, குப்போலா, மெல்ட்டிங்கு, மோல்டிங்கு, கோர், லேடில், சிலாகு. தீயைச் சுற்றி வழங்கும் சொற்களுள் தமிழ் எத்தனை? இரும்பைப் பழுக்கக் கண்டவனின் கொள்ளுப்பேரன் அதனை ‘இட்டு’ ஆகிவிட்டது என்கிறான். அவனைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. தொழிலைக் கற்பித்தோர் அச்சொற்களோடு கற்பித்தனர், அவன் கற்றான்.

பெரியோர் வாளாவிருந்தனர் என்று சொல்லுதல் நன்றி கொன்றதாகும். 1946 முதல் 1949 வரை சென்னை மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கனார் இம்மண்ணினர். தமிழ் வளர்ச்சிக் கழகம் கண்டவர். அக்கழகத்தின் பத்து மடலக் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராய் உழைத்த பெரியசாமித் தூரனும் ஈரோட்டுப் பக்கத்துக் கொங்கர். பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த கோ.ரா. தாமோதரனார், ஆங்கிலத்தில் பொறியியல் கற்பித்துக்கொண்டே கோவையினின்று ‘கலைக்கதிர்’ என்னும் தமிழ் அறிவியல் இதழை நடத்தினார். கலைச்சொல் அகரமுதலியும் வெளிவரச் செய்தார். 2010 சூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் இதே கோவையில் நடந்தது. சொற்கள் ஆக்கப்படவில்லை என்று யாரும் குறை கூற முடியாது. வார்ப்படச்சாலை, மின்தூண்டல் உலை, வெப்பப் பதப்படுத்தல் என அகரமுதலியில் எல்லாம் உள்ளன. உலைக்களத்தில் இல்லை.

கசப்பாயினும் சொல்லித்தான் ஆகவேண்டும். அகரமுதலிக்குள் மட்டும் வாழும் கலைச்சொல்லுக்கும் தோல்கினின் நாருக்கும் உள்ள தொலைவு மிகக் குறைவு. இரண்டும் அறிவுடையார் ஆக்கியவை. இரண்டும் இலக்கண வழுவற்றவை. இரண்டையும் சொல்லி யாரும் அடுப்பை மூட்டுவதில்லை. தோல்கின் ஒரு வகையில் நேர்மையாளர். தம் மொழி கதைமொழி என்று சொல்லிவிட்டார். கலைச்சொற் குழுவினரோ வாழும் மொழிக்குச் சொல் தந்ததாக எண்ணிக்கொண்டு எழுந்துவிடுகின்றனர்.

மக்கள் ஆக்கிய சொல்லைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்வழி வந்த புதுப்பொருள் ஒன்று; உரசினால் தீப்பற்றும் குச்சி. எந்தக் குழு கூடிற்று? தீக்குச்சி என்றனர், அதை இட்ட பெட்டியைத் தீப்பெட்டி என்றனர், ஈழத்தமிழர் நெருப்புப்பெட்டி என்றனர். நிலத்துக்கடியினின்று வந்த எண்ணெயை மண்ணெண்ணெய் என்றனர். சீமையினின்று வந்ததால் சீமையெண்ணெய் என்றும் சொன்னார்கள். இரண்டும் வென்றன. குழுவினர் ஆக்கிய தீயணைப்பு என்னும் சொல்லும் வென்றது. தீயும் அணைத்தலும் முன்னரே எல்லார் வாயிலும் இருந்தமையின், புதுச்சொல் புதிதாகத் தோன்றவில்லை. நெகிழி வென்றுகொண்டிருக்கிறது. சங்க நூல்களில் ஞெகிழி என்பது எரிகொள்ளிக்குப் பெயர் என்பதைக் கற்றார் நினைவூட்டுவர். நெகிழும் பொருளுக்கு நெகிழி என்றதை மக்கள் ஏற்றுக்கொண்டபின் அத்தடையைக் கேட்பார் யார்?

ஆதலின் கொங்குநாட்டுத் தமிழன்பர் உடனே மேற்கொள்ளத்தக்க பணி சொல்லாக்கமன்று, சொற்றொகுப்பு. கொல்லம்பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடப்படுகின்றன. கலப்பைக் கொழுவைக் காய்ச்சி அடித்துத் தந்த கிழவர்கள் சிலரே எஞ்சியுள்ளனர். கவுந்தப்பாடிப் பக்கத்தில் கரும்புச்சாறு காய்ச்சுவோர், கொப்பரைக்கு அடியில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் என்ன சொல்கின்றனர்? பாகு பதமாகும் ஒவ்வொரு நிலைக்கும் என்ன பெயர்? குயவர் சூளையை மூடும்போதும் பிரிக்கும்போதும் வழங்கும் சொல் யாவை? கோவைப் பொற்கொல்லர் தெருக்களில் ஊதுகுழலை ஊதுவோர் தீநாக்கின் நிறவேறுபாடுகளுக்குப் பெயரிட்டிருக்கின்றனரா? பூவோடு எடுத்த மூதாட்டியர், தணல் போடும் முறையை எப்படிச் சொல்லிக் கற்பித்தனர்? இச்சொற்களுள் சிலவாயினும் வார்ப்படச் சாலைக்கு அப்படியே பொருந்தும். பொருந்துவது எது என்று அங்கே உருக்கி ஊற்றுகின்றவன் சொல்லட்டும்.

வேண்டுவன ஓர் ஏடும் ஓர் எழுதுகோலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஊர், தொழில், சொன்னவரின் அகவை, அவர் அதை ஆண்ட ஒரு முழுச் சொற்றொடர் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். சொன்னவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுதல் வேண்டும். செந்தமிழாகத் திருத்தி எழுதினால் தொகுத்தது வீணாகும். கொல்லர் ‘பர்னசு’ என்றால் பர்னசு என்றே எழுதிக்கொண்டு, அவருடைய பாட்டனார் அதை என்ன சொல்லி அழைத்தார் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.